பாரசீகச் சிற்றூர்: ஆட்சியும் குடித்தொகையும்

ஈரான் நாட்டில் பாரசீக மொழி பேசும் உழவர்கள் பெரும்பாலும் நடு மேட்டுநிலத்தில் வாழ்பவர்கள். அங்கே மழை குறைவு. மலையடிவாரத்து நிலத்தடி நீரைக் 'கனாத்' எனப்படும் சுரங்கக் கால்வாய் வழியே நெடுந்தொலைவு கொண்டுவந்தே பயிர் செய்தனர். நீர் வந்த அளவே ஊர். நீர் நின்றால் ஊரும் இல்லை.

ஓர் ஊர் முழுவதையும் ஆறு 'தாங்' எனக் கணக்கிடுவது அந்நாட்டு வழக்கு. ஆறு தாங்கும் ஒருவர்க்கே உரியதாயின் அவர் ஊர் முழுவதற்கும் உடையவர். அவரை 'அர்பாப்' என்றனர். (நம்மவர் வழங்கும் ஜமீன்தார் என்னும் சொல் பாரசீகச் சொல்லே, ஆயினும் பாரசீக உழவன் தன் நிலக்கிழாரை அர்பாப் என்றே அழைத்தான்.) அர்பாப் பெரும்பாலும் நகரவாசி. ஊரில் அவருக்காக நின்றவர் 'கத்கொதா'. கத் என்பது வீடு. கொதா என்பது தலைவன். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் இவரை அரசின் நியமனம் பெற்ற அலுவலர் ஆக்கிற்று. ஆனால் இன்னாரை நியமிக்க எனப் பெயர் சொல்லும் உரிமை நிலக்கிழாரிடமே இருந்தது. பட்டம் அரசினுடையது, பிடி பழைய கையிலேதான்.

1937-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டை மாகாணம், மாவட்டம், வட்டம், ஊர்த்தொகுதி எனப் பிரித்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மாகாணங்கள் 10 ஆயின. அவற்றுக்குப் பழம்பெயர் நீக்கி எண்களே இடப்பட்டன. இவையெல்லாம் மேசைமேல் நிகழ்ந்த மாற்றங்கள். உழவனின் ஏரைத் தொடவில்லை.

ஊருக்குள் இருந்த பிரிவோ ஆழமானது. நிலம், நீர், விதை, எருது, உழைப்பு என்னும் ஐந்துக்கும் தனித்தனிப் பங்கு வைத்து விளைச்சலைப் பகிர்வது மரபு. எருதும் விதையும் இல்லாத உழவனுக்கு உழைப்பின் பங்கு மட்டுமே எஞ்சும். நீர் அரிதான பகுதிகளில் சிலர் சேர்ந்து 'போனே' என்னும் குழுவாய் உழுதனர். இவ்வாறு உழுவதற்குரிய உரிமைக்கு 'நசக்' என்று பெயர். நசக் இல்லாத கூலியாட்கள், கைவினைஞர், சிறு கடைக்காரர் ஆகியோர் 'கோஷ்நிஷீன்' எனப்பட்டனர். 'இனிதே அமர்ந்திருப்பவர்' என்பது அச்சொல்லின் பொருள்! கூலிக்கு அலைந்த ஏழைக்கு இப்பெயர் எத்துணைக் கொடிய நகை.

1962-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. வேளாண் அமைச்சர் ஹசன் அர்சஞ்சானி அதனை முன்னின்று நடத்தினார். நிலக்கிழார் ஆறு தாங் அளவுள்ள ஓர் ஊரை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை அரசுக்கு விற்கவேண்டும். அரசு அவற்றை உழுபவர்க்கு விற்கும். பெறுபவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்தல் வேண்டும். ஆனால் உழுபவர் யாவர்? நசக் உடையோரே எனச் சட்டம் கொண்டது. கோஷ்நிஷீன் குடும்பங்களுக்கு ஒரு சாண் நிலமும் கிட்டவில்லை. பல ஊர்களில் போனேயும் கலைந்தது. இயந்திரக் கலப்பை வந்த இடங்களில் கூலி வேலையும் சுருங்கிற்று. பட்டியலில் இடம்பெறாதவர்களே முதலில் மூட்டை கட்டினர் என்பதில் வியப்பில்லை.

தெகரானுக்குத் தெற்கே காசிமாபாத் என்னும் ஊரில் 1966-இல் ஏறத்தாழ 1000 பேர் இருந்தனர். வந்தேறிய ஏழைகளால் அது 1986-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இஸ்லாம்ஷஹ்ர் நகரமாயிற்று.

ஆயினும் சிற்றூர்கள் வெறுமையாயின எனல் பொருந்தாது. முதல் குடிமதிப்பு நடந்த 1956-இல் நாட்டுப்புறத்தார் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம்; மொத்த மக்களில் நூற்றுக்கு 69 பேர். 1996-இல் அவர்கள் 2 கோடியே 30 லட்சமாய்ப் பெருகினர். விழுக்காடோ 39 ஆகக் குறைந்தது. 2016-இல் தொகை 2 கோடியே 7 லட்சம், விழுக்காடு 26. எனவே நெடுங்காலம் தேய்ந்தது விகிதமே. தொகை தேயத் தொடங்கியது பின்னரே. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. முற்காலக் குடிமதிப்புகள் 5000 பேருக்கு மேற்பட்ட ஊரை நகரம் எனக் கொண்டன. 1986 முதல் நகராட்சி உள்ள இடமே நகரம். ஊரார் ஓர் அடியும் நகராமல், ஓர் அரசாணையால் நகரத்தார் ஆவதும் உண்டு.

1979 புரட்சிக்குப் பின் 'கட்டமைப்பு ஜிகாத்' என்னும் அமைப்பு ஊர்களுக்குச் சாலையும் மின்சாரமும் குடிநீரும் கொண்டுசென்றது. 1999-இல் ஊர்மன்றங்களுக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர்ப்பணிகளை நடத்துபவர் 'தெஹ்யார்'. அவரைத் தெரிவு செய்வது ஊர்மன்றம். நியமன ஆணை வழங்குபவர் வட்ட ஆட்சியர். அர்பாப் பெயர் சொல்லிய இடத்தில் இப்போது ஊரார் தேர்ந்த மன்றம் பெயர் சொல்லுகிறது.