ஊழும் இறைப் பராமரிப்பும்: இடைக்காலத் திருச்சபை தரும் விடை

பொன்னமராவதி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், பாம்பு தீண்டி மாண்ட இளைஞன் ஒருவனின் வீட்டிற்கு ஆறுதல் கூறச் சென்றிருந்தோம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்குள் நெடுநேரம் கழிந்துவிட்டதாம். கூடியிருந்தோர், "அவன் தலையெழுத்து" என்றனர். நாமோ, "தேவசித்தம்" என்றோம். அப்பொழுது அவனுடைய தாயார், "ஐயா, அவர்கள் சொல்லுவதும் நீங்கள் சொல்லுவதும் ஒன்றுதானா?" என்று கேட்டார்கள். அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இடைக்காலத் திருச்சபையும் எதிர்கொண்ட வினா இது. அங்கே பிறந்த விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நம் மண்ணில் ஊழ்

ஊழைப் பற்றிய தமிழரின் சிந்தனை தொன்மையானது. கணியன் பூங்குன்றனாரின் ஊர், பொன்னமராவதிக்கு அருகே, இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள மகிபாலன்பட்டி என்று கொள்ளப்படுகிறது. புறநானூற்றின் 192ஆம் பாடலில் அவர் உயிரை ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பத்துக்கு ஒப்பிடுகிறார். அதிலிருந்து அவர் பெறும் முடிவு சோம்பல் அன்று. பெரியோரைக் கண்டு வியவாமையும் சிறியோரை இகழாமையுமே. திருக்குறளும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைக் கூறி, 62ஆம் அதிகாரத்தில் சோர்வின்றி முயல்வோர் அதனையும் வெல்வர் என்கிறது. ஆகவே, நம் மக்களின் சிந்தனையை வெறும் விதிவாதம் என ஒதுக்குவது முறையன்று.

2. அகுஸ்தீனும் போயேத்தியுவும்

அகுஸ்தீன் 413 முதல் 426 வரை எழுதிய 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் ஐந்தாம் புத்தகத்தில், விண்மீன்களே மனித வாழ்வை நிர்ணயிக்கின்றன என்னும் கொள்கையை மறுத்தார். ஏறக்குறைய ஒரே வேளையில் பிறந்த யாக்கோபும் ஏசாவும் எவ்வளவு வேறுபட்டனர் என்பதை எடுத்துக்காட்டினார். கடவுளின் சித்தத்தையே ஒருவர் விதி என அழைப்பாராயின், அவர் கருத்தை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றட்டும் என்பது அவர் அறிவுரை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் போயேத்தியு வேறு வழியை மேற்கொண்டார். ரோமாபுரியில் உயர் பதவி வகித்த அவர், தியோடோரிக் மன்னனால் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டு, சுமார் 524இல் கொல்லப்பட்டார். சிறையில் அவர் எழுதியதே 'மெய்யியலின் ஆறுதல்'. அவர் விதி என்ற சொல்லை விலக்கவில்லை; அதன் இடத்தை வரையறுத்தார். கடவுளின் உள்ளத்தில் ஒருமையாக நிலைத்திருக்கும் திட்டம் பராமரிப்பு. அத்திட்டம் மாறும் பொருள்களில், காலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக விரிவது விதி. விதி பராமரிப்புக்குக் கீழ்ப்பட்டது. மேலும், கடவுள் யாவற்றையும் தம் நித்தியத்தில் நிகழ்காலமாகவே காண்கிறார். ஒருவன் நடப்பதை நாம் காண்பதனால் அவன் கட்டாயத்தால் நடப்பதாகாது. அதுபோலவே கடவுள் காண்பதும் மனிதனின் சுயாதீனத்தை அழிப்பதில்லை.

3. ஆல்பிரட்டின் வண்டிச் சக்கரம்

இந்நூலை ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அரசர் ஆல்பிரட் என்பது மரபு. அம்மக்களிடம் விதியைக் குறிக்க 'விர்ட்' என்னும் பழஞ்சொல் இருந்தது. மொழிபெயர்ப்பு அதனைத் தள்ளாமல், கடவுள் நாள்தோறும் செய்யும் செயலே 'விர்ட்' என விளக்கியது. போயேத்தியு ஒரே மையத்தைச் சுற்றும் வட்டங்களை உவமையாகக் கூறியிருக்க, ஆல்பிரட்டின் நூல் அதனை வண்டிச் சக்கரமாக மாற்றியது. அசையாத அச்சு கடவுள், அதனை அடுத்த குடம் மேலான மாந்தர், ஆரக்கால்கள் இடைநிலையோர், மண்ணில் உருண்டு அதிர்ச்சியைத் தாங்கும் வட்டை உலகப் பற்றில் அழுந்தியோர். வட்டையும் ஆரக்கால்களின் வழியே அச்சைச் சார்ந்தே நிற்கிறது. மாட்டுவண்டியை அறிந்த நம் சபையார்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை.

அதே நூற்றாண்டில் மறுபுறமும் உண்டு. சிலர் அழிவுக்கும் முன்குறிக்கப்பட்டனர் எனப் போதித்த கோட்ஷால்க் என்னும் துறவி, 849இல் கியர்சி சங்கத்தில் கண்டிக்கப்பட்டுச் சாட்டையடி பெற்றார். எஞ்சிய வாழ்வைத் துறவிமடத்துக் காவலில் கழித்தார். ஆழ்ந்த வினாவிற்குச் சாட்டை விடையாகாது.

4. தாமஸ் அக்குவினாஸ்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இம்மரபை ஒழுங்குபடுத்தினார். ஒரு தலைவன் தன் ஊழியர் இருவரை, ஒருவரையொருவர் அறியாதபடி, ஓரிடத்திற்கு அனுப்புகிறான். அவர்கள் சந்திப்பது அவர்களுக்குத் தற்செயல், தலைவனுக்கோ அன்று. இவ்வுவமையோடு அவர் இன்னும் ஓர் உண்மையை வற்புறுத்தினார். கடவுள் தம் நோக்கத்தை இடைக்காரணங்களின் வாயிலாக நிறைவேற்றுகிறார். மனிதனின் முயற்சியும் ஜெபமும் அக்காரணங்களைச் சேர்ந்தவை. நாம் ஜெபிப்பது கடவுளின் திட்டத்தை மாற்றுவதற்கன்று. ஜெபத்தின் வழியே அவர் தரச் சித்தங்கொண்டதைப் பெறுவதற்கே. எனவே பராமரிப்பு மனிதனின் கைகளைக் கட்டுவதில்லை. அவற்றிற்கு வேலை கொடுக்கிறது.

இம்மரபில் பயின்ற ராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தமிழில் நூல் இயற்றினார். சீர்திருத்தச் சபையினரான நாமும் இம்மரபுக்கு அயலாரல்லர். கால்வின் விதி என்ற சொல்லை மறுக்கையில் அகுஸ்தீனையே துணைக்கழைத்தார். 1563இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை, மழையும் வறட்சியும் தற்செயலாக அன்றித் தந்தையின் கரத்திலிருந்தே வருகின்றன எனப் போதிக்கிறது. கண்மாய் நிரம்புவதை எதிர்நோக்கி வாழும் இவ்வட்டாரத்தார்க்கு அது பொருள் நிறைந்த போதனை.

5. நம் ஊழியத்திற்கு

அத்தாயாரின் வினாவிற்குத் திரும்புவோம். "தேவசித்தம்" என்று கூறி நாம் ஆராய்வை முடித்துவிட்டால், தலையெழுத்துக்கே ஞானஸ்நானம் கொடுத்தவர்களாவோம். இரண்டும் ஒன்றல்ல. தலையெழுத்துக்கு முகமில்லை, அதனிடம் அழ முடியாது. பராமரிக்கிறவரோ தந்தை, அவரிடம் முறையிடலாம், "ஏன்?" என்றும் கேட்கலாம். சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப்பேரை மற்றவர்களைவிடப் பாவிகளென எண்ண வேண்டாமென்று நம் ஆண்டவரே கூறினார். ஆகவே துயரத்தை முன்வினையின் கூலி எனத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. கடவுள் இடைக்காரணங்களின் வழியே செயல்படுகிறாராயின், காலதாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்வதும், கடித்தவுடன் மந்திரிப்பவரைத் தேடாமல் மருத்துவரிடம் விரையுமாறு கற்பிப்பதும் அவருடைய பராமரிப்பில் நம் பங்காகும். தவறியது எங்கே என்று சபை ஆராய வேண்டிய இடத்தில் தேவசித்தத்தைத் திரையாக இழுத்து மூடலாகாது.

துக்கவீட்டில் இவ்வளவையும் போதிக்க வேண்டுவதில்லை. "அம்மா, ஒன்றல்ல, உங்களோடு சேர்ந்து அழுகிறவர் ஒருவர் உண்டு" என்று மட்டும் அன்று நாம் சொல்லியிருக்கலாம். போயேத்தியு அந்நூலைச் சிறையிலிருந்தே எழுதினார் என்பதை நினைவில் கொள்வோமாக. பராமரிப்பைப் பற்றிப் பேசுவோர் துன்பத்திற்கு வெளியே நின்று பேசலாகாது.