கல்லீரல் புற்றுநோயில் வளர்ச்சிக் காரணி ஏற்பிச் சிகிச்சை

கல்லீரலின் சொந்த செல்களில் தோன்றும் ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா, முதன்மைக் கல்லீரல் புற்றுநோய்களில் பெரும்பான்மையானது. தொடக்க நிலையில் தெரிந்துவிட்டால் அறுவைச் சிகிச்சை, உறுப்பு மாற்று, கட்டியை வெப்பத்தால் சுட்டழித்தல் என்று வழிகள் உண்டு. நோய் முற்றியவர்களின் ஆயுளை நீட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ ஊசியோ 2007 வரை இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் முதலில் நுழைந்தவை, செல்களின் மேற்பரப்பிலுள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பிகளைத் தடுக்கும் மருந்துகள்.

கல்லீரல் வெட்டினாலும் வளரும் உறுப்பு. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினாலும் எஞ்சியது பெருத்துப் பழைய எடையை எட்டிவிடுவதை ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1931இல் விவரித்தனர். ஹெச்.ஜி.எஃப்., இ.ஜி.எஃப். முதலிய வளர்ச்சிக் காரணிகளே இந்த மறுவளர்ச்சியைத் தூண்டுகின்றன. காரணி ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைகின்றன. செல்லுக்குள் இருக்கும் அவற்றின் டைரோசின் கைனேஸ் பகுதி செயல்படத் தொடங்குகிறது. அங்கிருந்து ராஸ்–ராஃப்–மெக்–எர்க் தொடரும், பிஐ3கே–ஏகேடி–எம்டார் தொடரும் ‘பெருகு, சாகாதே’ என்ற உத்தரவை உள்ளே கொண்டுசெல்கின்றன. நலமான கல்லீரலில் வேலை முடிந்ததும் உத்தரவு நின்றுவிடும். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களாலோ மதுவாலோ கொழுப்பாலோ செல்கள் ஆண்டுக்கணக்கில் செத்துச் செத்துப் பிறக்கும் சிரோசிஸ் கல்லீரலில் அது ஓய்வதே இல்லை.

புதிய ரத்தக்குழாய்களை முளைக்கச் செய்யும் வி.இ.ஜி.எஃப். என்ற காரணிக்கு இங்கே தனி இடம் உண்டு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே நம்பி வளர்கிறது. அதற்குப் புதுக் குழாய்கள் வேண்டும். வி.இ.ஜி.எஃப். ஏற்பி, பி.டி.ஜி.எஃப். ஏற்பி, ராஃப் கைனேஸ் ஆகியவற்றை ஒருசேரத் தடுக்கும் சோராஃபெனிப் மாத்திரையை 602 நோயாளிகளிடம் சோதித்த ‘ஷார்ப்’ ஆய்வு 2008இல் வெளியானது. சராசரி (இடைநிலை) ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக உயர்ந்தது. கட்டி குறிப்பிடும்படி சுருங்கியதோ நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். இந்த மருந்து நோயைத் தாமதப்படுத்தியதே தவிர, விரட்டவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிதல், வயிற்றுப்போக்கு ஆகியவை இதன் பரவலான பக்கவிளைவுகள்.

இந்திய மருந்துச் சட்ட வரலாற்றிலும் சோராஃபெனிப்புக்கு இடமுண்டு. பேயர் நிறுவனம் ஒரு மாத மருந்தை ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றுவந்தது. 2012 மார்ச்சில் காப்புரிமையாளரின் இசைவின்றியே மருந்தைத் தயாரிக்க அனுமதிக்கும், நாட்டின் முதல் கட்டாய உரிமம் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. நாட்கோ மருந்தின் மாத விலை 8,880 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மூன்று மாத ஆயுள் நீட்டிப்புக்கு என்ன விலை தகும் என்ற கேள்வியை இத்தனை வெளிப்படையாக எழுப்பிய மருந்து வேறு இருக்குமா என்பது ஐயமே.

அடுத்த பத்தாண்டில் சுனிட்டினிப், பிரிவானிப், லினிஃபானிப் எனப் பலவும் தோற்றன. ரெகோராஃபெனிப் (2017), கபோசான்டினிப் (2018) இரண்டும், சோராஃபெனிப் பலனளிக்காதபோது தரப்படும் இரண்டாம் வரிசை மருந்துகளாயின. எஃப்.ஜி.எஃப். என்ற வேறு வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளையும் தடுக்கும் லென்வாட்டினிப், 2018இல் 13.6 மாதத்துக்கு 12.3 என்ற கணக்கில் சோராஃபெனிப்புக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ராமுசிருமாப் முதல் முயற்சியில் தோற்றுப் பின்னர் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு 400க்குக் குறையாதவர்களிடம் மட்டும் வென்றது. 2020இல் வெளியான ‘ஐஎம்பிரேவ்150’ ஆய்வில், ஏற்பியை விட்டு வி.இ.ஜி.எஃப். காரணியையே பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாபும், நோயெதிர்ப்பு மருந்தான அட்டெசோலிசுமாபும் சேர்ந்து சோராஃபெனிப்பை முந்தின. பின்னர் வந்த கணக்கில் இடைநிலை ஆயுள் 19.2 மாதம். வி.இ.ஜி.எஃப். நோயெதிர்ப்புச் செல்களையும் அடக்கிவைப்பதால் இந்தக் கூட்டணிக்குப் பொருள் உண்டு. ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் உள்ளனவா என்று முன்கூட்டியே எண்டோஸ்கோபி செய்துபார்க்கிறார்கள்.

ரத்தக்குழாயை விட்டுப் புற்றுசெல்லின் ஏற்பியையே குறிவைத்த முயற்சிகள் அவ்வளவு பலிக்கவில்லை. இ.ஜி.எஃப். ஏற்பியைத் தடுக்கும் எர்லோட்டினிப்பை சோராஃபெனிப்புடன் சேர்த்தும் பயனில்லை. ஹெச்.ஜி.எஃப்.பின் ஏற்பியான மெட் புரதம் மிகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்தே சோதித்தும் டிவான்டினிப் தோற்றது. நுரையீரல் புற்றுநோயில் பலருக்கு இ.ஜி.எஃப். ஏற்பியின் மரபணுவே பிறழ்ந்திருக்கும். கட்டி அதையே சார்ந்திருக்கும். கல்லீரலில் அத்தகைய பிறழ்வு அரிது. டெர்ட், டிபி53, பீட்டா-கேட்டனின் மரபணுக்களில்தான் மாற்றங்கள் மிகுதி. அவற்றுக்கு நேரடி மருந்து இல்லை.

இதில் ஓரளவு விதிவிலக்கு எஃப்.ஜி.எஃப்.-19. குடலின் கடைப்பகுதியிலிருந்து சுரந்து, பித்த அமில உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் ஹார்மோன் இது. சில கட்டிகள் இதைத் தாமே சுரந்து, எஃப்.ஜி.எஃப். ஏற்பி-4ஐத் தூண்டிக்கொள்கின்றன. அந்த ஏற்பியின் 552ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் ஃபிசோகட்டினிப், எஃப்.ஜி.எஃப்.-19 உள்ள கட்டிகளில் 17 விழுக்காட்டைச் சுருக்கியது. அது இல்லாதவற்றில் ஒன்றும் சுருங்கவில்லை. பின்னர் அதே ஏற்பியில் புதிய பிறழ்வுகள் தோன்றி மருந்து எடுபடாமல் போனதும் பதிவாகியுள்ளது.

ஒரு மடையை அடைத்தால் நீர் அடுத்த மடையைத் தேடுவதை 2021இல் ‘நேச்சர்’ இதழில் நெதர்லாந்து, சீன ஆய்வாளர்கள் காட்டினர். லென்வாட்டினிப் எஃப்.ஜி.எஃப். ஏற்பிகளை அடக்கும்போது இ.ஜி.எஃப். ஏற்பி விழித்துக்கொள்கிறது. லென்வாட்டினிப்புக்கு மசியாத, இ.ஜி.எஃப். ஏற்பி மிகுந்த 12 பேருக்கு, அந்த ஏற்பியைத் தடுக்கும் கெஃபிட்டினிப்பையும் சேர்த்துக் கொடுத்ததில் நால்வரின் கட்டிகள் சுருங்கின. தனியே பயன்தராத இலக்கு, இன்னொன்றை மூடியபின் பயன்பட்டிருக்கிறது.

இம்மருந்துகளுக்கு ஒப்புதல் வாங்கித்தந்த பெரிய சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர், ‘சைல்டு–பியூ ஏ’ எனப்படும், கல்லீரல் இன்னும் ஓரளவு நன்றாக வேலை செய்யும் நிலையில் இருந்தவர்கள். வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலை முற்றி வரும் நோயாளிக்கு அந்த ஆயுள் கணக்குகள் அப்படியே பொருந்தா.