போதிய அறிவு என்னும் அளவுகோல்: ஷரியா வழக்கறிஞர் தகுதி குறித்து ஒரு மறுவாசிப்பு

விக்டோரியா ஜெயசீலி மார்ட்டின் வழக்கை நம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சமய உரிமை வழக்காகவே வாசித்து வந்திருக்கிறார்கள். தீர்ப்பை ஏற்பவர்கள் ஷரியா நீதிமன்றத்தின் தனித்தன்மையைச் சொல்கிறார்கள். மறுப்பவர்கள் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின், சமத்துவம் பேசும் 8ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். இரு சாராருக்கும் பொதுவாக ஓர் எண்ணம் உண்டு: வழக்கின் மையம் மனுதாரரின் சமயம். அவர் என்ன படித்திருந்தார் என்பது இரு வாசிப்பிலும் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு அந்த அடிக்குறிப்பே வழக்கின் மையமாகப் படுகிறது. சட்டப் பட்டத்தோடு இன்னொரு கல்வியைச் சேர்த்துப் பெற்ற ஒருவருக்கு அந்த இரண்டாம் கல்வி எதைத் தருகிறது என்பதே இங்கே எழுந்த கேள்வி. அதற்கான விடை தீர்ப்பில் கிடைப்பதைவிட, தீர்ப்பு பொருள்கொண்ட சட்ட வாசகத்தில் தெளிவாகக் கிடைக்கிறது.

மனுதாரர் குடிமைச் சட்டம் படித்து வழக்கறிஞரானவர்; முஸ்லிம் அல்லாதவர். பின்னர் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஷரியா சட்டமும் நடைமுறையும் பற்றிய பட்டயக் கல்வியை முடித்தார். கூட்டரசுப் பிரதேசத்தில் ஷரியா வழக்கறிஞராக, அதாவது பெகுவாம் ஷரியாக, தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய மன்றத்துக்கு விண்ணப்பித்தார். 1993ஆம் ஆண்டின் பெகுவாம் ஷரி விதிகளில் 10ஆம் விதி விண்ணப்பதாரர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்கிறது, ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 2011இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். 2016 பிப்ரவரி 24 அன்று கூட்டரசு நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் அந்த வெற்றியை நீக்கியது.

வழக்கு முழுவதும் ஒரே பிரிவைச் சுற்றிச் சுழல்கிறது: 1993ஆம் ஆண்டின் இஸ்லாமியச் சட்ட நிர்வாக (கூட்டரசுப் பிரதேசங்கள்) சட்டத்தின் 59ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவு, இரண்டாம் உட்பிரிவுக்கு உட்பட்டு, இஸ்லாமியச் சட்டத்தில் போதிய அறிவுடைய எந்த ஒரு நபரையும் மன்றம் பெகுவாம் ஷரியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. இரண்டாம் உட்பிரிவு, மாமன்னரின் ஒப்புதலோடு மன்றம் விதிகள் இயற்றலாம் என்கிறது. அந்த விதிகள் இரு வகைப்படும்: சேர்க்கைக்கான நடைமுறை, தகுதி, கட்டணம் பற்றியவை ஒரு வகை, ஷரியா வழக்கறிஞரின் நடத்தையை ஒழுங்குபடுத்திக் கண்காணிப்பவை மற்றொரு வகை.

பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: போதிய அறிவு என்பது குறைந்தபட்ச அளவு, முதல் உட்பிரிவு இரண்டாவதற்கு உட்பட்டது, ஆகவே தகுதி என்ற பெயரில் அதற்கு மேலும் நிபந்தனைகளை மன்றம் விதிக்கலாம், சமயமும் அப்படி ஒரு நிபந்தனைதான். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. ‘உட்பட்டு’ என்ற சொல்லைச் சட்டமியற்றியவர்கள் வேண்டுமென்றேதான் எழுதியிருக்க வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வழியில் நின்று ‘எந்த ஒரு நபரும்’ என்பதை மட்டும் அழுத்திப் பிடிப்பவர்கள் அந்தச் சொல்லுக்குப் போதிய பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். என் கேள்வி வேறொரு சொல்லில் தொடங்குகிறது. ‘தகுதி’ என்றால் என்ன?

அந்தச் சொல் தனியாக நிற்கவில்லை. நடைமுறைக்கும் கட்டணத்துக்கும் நடுவில் நிற்கிறது. விண்ணப்பப் படிவம் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்னும் அலுவல் காரியங்களுக்கு இடையில் வந்த சொல்லுக்குள், விண்ணப்பதாரர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற பெரிய கேள்வியைப் புகுத்த முடியுமா? ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்களைக் கொண்டு அறிவது சட்டப் பொருள்கோளில் பழைய வழி. நம் உரையாசிரியர்களுக்கும் அது பழகிய வழிதான்.

ஆனால் இதைவிட வலுவான சான்று பக்கத்துச் சட்டத்தில் இருக்கிறது. இதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்பதே என் குறை. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தன் 3ஆம் பிரிவில் ‘தகுதி பெற்றவர்’ யார் என்று வரையறுக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் முதலான குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களின் சட்ட இளங்கலைப் பட்டத்துக்கான இறுதித் தேர்வில் தேறியவர், இங்கிலாந்தின் பாரிஸ்டர், அல்லது தகுதி வாரியம் அரசிதழில் அறிவிக்கும் வேறு கல்வித்தகுதி உடையவர். மூன்றும் கல்வியையும் பயிற்சியையுமே பேசுகின்றன. ஒருவரின் வயது, நன்னடத்தை, குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை, பயிற்சிக்காலம் ஆகியவை 3ஆம் பிரிவில் இல்லை. அவற்றை நாடாளுமன்றம் பிரித்தெடுத்து 11ஆம் பிரிவில் தனி நிபந்தனைகளாக வைத்தது. தகுதி பெற்ற ஒருவர் இன்னின்ன நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் சேர்க்கப்படலாம் என்பதே அந்தப் பிரிவின் அமைப்பு. தகுதி வேறு, ஆளின் நிலை வேறு.

மாநிலங்களில் இஸ்லாமியச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றுகின்றன. கூட்டரசுப் பிரதேசங்களுக்கு மட்டும் அதை நாடாளுமன்றமே இயற்றுகிறது. ஆக 1976இல் ‘தகுதி’யைக் கல்வி என்ற பொருளில் எடுத்தாண்டு, குடியுரிமை போன்ற நிலைகளை அதிலிருந்து பிரித்து வைத்த அதே அவைதான் 1993இல் 59ஆம் பிரிவையும் எழுதியது. வழக்கறிஞர் சேர்க்கை என்னும் அதே பொருளில் அதே சொல்லை எழுதும்போது பொருள் மாறிவிட்டது என்று சொல்பவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும். சமயத்தை நிபந்தனையாக்க நாடாளுமன்றம் நினைத்திருந்தால் 59(1)இலேயே ஒரு சொல் சேர்த்திருக்கலாம். அங்கே எழுதப்பட்டிருப்பது ‘போதிய அறிவு’.

17 ஆண்டு இடைவெளியும் இரு சட்டங்களின் வேறு நோக்கமும் இந்த ஒப்பீட்டைச் சற்றுத் தளர்த்தக்கூடும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் இந்த வாசிப்பில் ‘உட்பட்டு’ என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது. எந்தப் பட்டம், எந்தத் தேர்வு, எத்தனை ஆண்டு அனுபவம் போதிய அறிவாகும் என்று அளந்து சொல்வதே விதிகளின் வேலை. 10ஆம் விதியும் பட்டத்தையும் தேர்வையும் பேசுமிடங்களில் அதைத்தான் செய்கிறது. சமயத்துக்கு வருமிடத்தில்தான் அறிவை அளப்பதை விட்டு ஆளை அளக்கத் தொடங்குகிறது.

முஸ்லிம் அல்லாதவர் மீது ஷரியா நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, தவறு செய்தால் தண்டிப்பது எப்படி என்று ஒரு மறுப்பு உண்டு. 59ஆம் பிரிவே நடத்தை விதிகளை இயற்றும் அதிகாரத்தை மன்றத்துக்குத் தந்திருக்கிறது. பதிவை நீக்க யாருடைய சமயமும் தடையில்லை. நம்பிக்கை இல்லாதவர் அந்தச் சட்டத்தை உள்ளபடி உணர முடியாது என்பது மற்றொன்று. இந்திய நீதிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் முகமதியச் சட்ட நூலை எழுதிய தின்ஷா முல்லா ஒரு பார்சி. இதற்கு மேல் அந்த மறுப்பில் நிற்கத் தேவையில்லை. இலங்கையின் காதி நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்கே இடமில்லை என்பதைச் சிலர் காட்டுவார்கள். எல்லோரையும் ஒருசேர விலக்கும் அந்த ஏற்பாடு நம் கேள்விக்கு உதவாது.

சிங்கப்பூர்தான் உதவும். அங்கே 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர்கள் சமய வேறுபாடின்றி ஷரியா நீதிமன்றத்தில் முன்னிலையாகிறார்கள். அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் தலையாய பங்கு அகமது இப்ராகிமுக்கு உண்டு. கேம்பிரிட்ஜில் பொருளியலும் சட்டமும் சேர்த்துப் படித்தவர் அவர். 1972இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப்புலத்தின் முதல் தலைவரானார். பிறகு அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் சட்டப்புலத்தைத் தொடங்கி நடத்தினார். கோம்பாக்கில் உள்ள அந்தப் புலம் இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. குடிமைச் சட்டத்தில் பட்டம் முடித்தவர் மேலும் ஓராண்டு படித்து ஷரியாவில் இன்னொரு சட்டப் பட்டம் பெறும் பாடத்திட்டம் அங்கே இருக்கிறது. இரட்டைச் சட்டக் கல்வி வெளிநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று பேசுபவர்கள் கோம்பாக்கை மறந்துவிடுகிறார்கள். விக்டோரியா பட்டயம் பெற்றதும் அங்கேதான். வகுப்பில் உட்கார அனுமதித்து, தேர்வு எழுதவைத்து, தேறினார் என்று பல்கலைக்கழகம் சான்று தந்த பிறகு, அந்த அறிவு போதாது என்று யாரும் சொல்லவில்லை. அறிவு பற்றிய கேள்வியே எழாமல் விண்ணப்பம் முடிந்துபோனது. ஒரு கல்வியைக் கொடுத்துவிட்டு அதன் பயனை மட்டும் தடுப்பது கல்விக்குச் செய்யும் அநீதி.

இரு சட்டமும் தெரிந்தவர்கள் ஏன் வேண்டும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கடைவீட்டு மாடிப்படி ஏறி வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரும் ஒரு தாயின் கையில் இரண்டு தாள்கள் இருக்கலாம். ஒன்று 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சட்டத்தின்கீழ் பதிந்த சான்றிதழ். மற்றொன்று கணவர் மதம் மாறியபின் ஷரியா நீதிமன்றம் பிறப்பித்த பராமரிப்பு உத்தரவு. 1988இல் அரசியலமைப்பில் 121(1A) சேர்க்கப்பட்ட பிறகு இரு நீதிமன்றங்களுக்கும் நடுவே விழுந்த கோடு அந்த மேசையின் குறுக்கேதான் ஓடுகிறது. 2005இல் எவரெஸ்ட் வீரர் மூர்த்தி இறந்து, அவர் மதம் மாறியிருந்தார் எனப்பட்டபோது அவர் மனைவி அந்தக் கோட்டில்தான் நின்றார்: ஷரியா நீதிமன்றத்தில் அவருக்கு இடமில்லை, உயர்நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்றது. இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கு 2018இல் தீரும்வரை அவர் பிள்ளைகளின் மதமாற்றம் பற்றிய கேள்வி ஒன்பது ஆண்டு அங்கேயே கிடந்தது. ஷரியா வழக்கறிஞர் பதிவு கிடைத்திருந்தால் இவ்வழக்குகள் வேறு முடிவு கண்டிருக்கும் என்று சொல்ல வரவில்லை. அவை அதிகார எல்லை பற்றியவை. இரண்டு தாள்களையும் ஒரே கண்ணால் வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊருக்கு வேண்டும் என்பதும், அப்படிப் படிக்க முன்வருபவரின் கல்விக்கு மதிப்பு வேண்டும் என்பதுமே என் வாதம்.

2016இன் தீர்ப்பு 10ஆம் விதி செல்லும் என்றது. அதை மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. மன்றம் இயற்றிய விதியை மாமன்னரின் ஒப்புதலோடு மன்றமே மாற்றலாம். அதற்கு அரசியலமைப்புத் திருத்தமும் வேண்டாம், நாடாளுமன்றம் கூடவும் வேண்டாம்.