சாக்கு எடை

மஞ்சள் மூட்டையை மண்டியில் தராசில் ஏத்தினதும் எங்க ஊர்க்காரங்க கேக்குற முதல் கேள்வி, "சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?" என்பதுதான். சாக்கு நனைஞ்சிருந்தா எடை கூடும், பழைய சாக்குன்னா குறையும். கால் கிலோ கூடுதலா கழிச்சுட்டாங்கன்னு எங்க அப்பா ஒருநாள் மத்தியானச் சோறுகூட சாப்பிடாம மண்டி வாசல்ல நின்னு சண்டை போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அப்படிப்பட்ட வீட்டில், கேஸ் சிலிண்டரை மட்டும் வந்தது வந்தபடி வாங்கி வெச்சுட்டு இருந்தோம். போன ஐப்பசி மழைவரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

எங்க வீட்டில் ஒரு சிலிண்டர் சராசரியா 45 நாள் வரும். அந்தத் தடவை 37ஆம் நாளே, அடுப்பில் பருப்பு பாதி வெந்திருக்கும்போது தீர்ந்துபோச்சு. வெளியே அடைமழை. தாழ்வாரத்தில் இருந்த விறகெல்லாம் ஈரம். அம்மா ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, சோறாக்கி முடிக்க மணி மூணு. "கேஸ் குறைச்சுத்தான் வந்திருக்கும்" என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன்.

அடுத்த சிலிண்டர் வந்ததும், மஞ்சள் எடை போடும் மெஷினைத் திண்ணைக்கு இழுத்து வந்தேன். எடை 29.1 கிலோ. பக்கத்து வீட்டுக்கு அன்னைக்கே இறங்கினதை வாங்கி வெச்சுப் பார்த்தேன். அது 30.2. "ஒரு கிலோ எங்கப்பா போச்சு?" என்று சிலிண்டர் இறக்க வந்த பையனைத் தெருவே பார்க்கிற மாதிரி சத்தம் போட்டேன்.

அவன் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. குனிந்து, கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கிற இரும்புப் பட்டையைத் துடைச்சுக் காட்டினான். "அண்ணா, இது காலி சிலிண்டர் எடைங்க. உங்களுது 14.9. அவங்களுது 16. ரெண்டுலயும் 14.2 கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். 29.1. 30.2. ரெண்டும் சரி.

ஆயுசு முழுக்கச் சாக்கு எடை பார்த்தவன், இரும்புச் சாக்கின் எடையைப் பார்க்கத் தவறிட்டேன். அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதுக்கப்புறம்தான் இந்தச் சிலிண்டர் கதையை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்க ஆத்தா காலத்தில் எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்பது ஒரு கேள்வியே இல்லை. கண் முன்னால் கிடக்கும். பருத்திமார் கட்டு, தென்னமட்டை, வறட்டி அடுக்கு. அடுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கினால் காட்டுப்பக்கம் போகணும் என்று அர்த்தம். பிறகு சீமெண்ணெய் ஸ்டவ் வந்தது. அதிலும் ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்தால் எத்தனை விரற்கடை நிக்குதுன்னு தெரிஞ்சுடும்.

எரியிறது வாயுவா இருந்தாலும் கண்ணில் காட்டிய ஒன்று உண்டு. சாண எரிவாயுக் கலன். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் இருந்து ஊர் ஊராகக் கொண்டுபோனது மிதக்கும் மூடி வைத்த மாதிரி. சாணிக் கரைசலின் மேல் இரும்பு மூடி மிதக்கும். வாயு சேரச் சேர மூடி மேலே ஏறும், அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். எங்க ஊர்ப் பெரிய தோட்டத்தில் ஒன்று இருந்தது. அந்த வீட்டம்மா காலையில் மூடி எவ்வளவு உயரம் நிக்குதுன்னு ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இட்லியா, கஞ்சியா என்று முடிவு பண்ணுவாங்க.

சிலிண்டர் கேஸ்தான் இந்த வழக்கத்தை உடைத்தது. வேடிக்கை என்னன்னா, அதன் கதை தொடங்கியதே "வாங்கினது குறையுது" என்ற ஒரு புகாரில்தான் என்று சொல்வார்கள். 1910இல் அமெரிக்காவில் கார் வைத்திருந்த ஒருவர், வாங்கிய பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் மாயமாகிறது என்று குறைப்பட்டாராம். அரசின் சுரங்கத் துறையில் வேதியியலாளராக இருந்த வால்டர் ஸ்னெல்லிங் அதை ஆராய்ந்தார். விற்றவர் ஏமாற்றவில்லை. பெட்ரோலில் கலந்திருந்த புரொபேன், பியூட்டேன் போன்ற லேசான சமாசாரங்கள் ஆவியாகிப் பறந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து, அழுத்தித் திரவமாக்கி, இரும்புக் கலனில் அடைக்கும் வழியைக் கண்டுபிடித்து 1913இல் காப்புரிமை வாங்கினார்.

இந்தியாவுக்கு 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் மூலமாக வந்தது. இண்டேனின் முதல் இணைப்பு 1965இல் கல்கத்தாவில். அதற்கப்புறமும் நெடுங்காலம் இது நகரத்துச் சமாசாரம்தான். எண்பதுகளில் மனு எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. எம்.பி.க்களுக்குக் கேஸ் இணைப்புக் கூப்பன் என்று தனி ஒதுக்கீடே இருந்தது. எங்க பக்கத்துச் சாதாரண வீடுகளுக்குள் பரவலாகச் சிலிண்டர் நுழைந்தது, 2007இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான்.

அந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர். நகரத்தில் இரண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தீர்ந்தால் ரெகுலேட்டரை மாற்றுகிற வேலை மட்டும்தான். ஒற்றைச் சிலிண்டர் வீட்டில் தீர்ந்த நிமிஷமே அடுப்பு அணைந்தது அணைந்ததுதான். எங்க ஊருக்கு வண்டி வாரத்தில் ஒருநாள்தான் வரும். முன்கூட்டியே பதிவு பண்ணலாம் என்றால், உள்ளே இன்னும் நிறைய இருந்தால் வருகிற சிலிண்டரை எங்கே வாங்கி வைப்பது? காலிச் சிலிண்டரைக் கொடுத்தால்தானே நிரம்பினது கிடைக்கும். அதோடு 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் வருஷத்துக்கு 6 என்று வரம்பு போட்டார்கள். பிறகு 9 ஆகி, 2014இல் 12 ஆனது. அந்த வருஷங்களில் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது கையிருப்புக் காசை எண்ணுகிற மாதிரி ஆகிப்போச்சு.

சரி, சீமெண்ணெய் ஸ்டவ் மாதிரி இதில் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? உள்ளே இருப்பது திரவமும் அதன் மேல் ஆவியும். ஆவி அடுப்புக்குப் போகப்போகத் திரவம் கொதித்துப் புது ஆவியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உள் அழுத்தம் முக்கியமாக வெயில், குளிரைப் பொறுத்தது. முக்கால் கலன் இருந்தாலும் சரி, அடியில் ஒரு டம்ளர் இருந்தாலும் சரி, கிட்டத்தட்ட ஒரே அழுத்தம்தான். அதனால் அழுத்தமானி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. கடைசிச் சொட்டுவரைக்கும் சுடர் நன்றாகவே எரிந்துவிட்டு, திடீரென்று சுருங்கி அணைந்துவிடும்.

கடைசி நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்தோ படுக்க வைத்தோ எரிப்பது எங்க ஊரில் சர்வ சாதாரணம். தயவுசெய்து செய்யாதீங்க. ஆவி போக வேண்டிய வழியில் திரவம் புகுந்தால் ஆபத்து. திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும்.

மட்டம் பார்க்க எளிய வழி, கொதிக்காத சுடுதண்ணியை ஒரு பக்கமாக மேலிருந்து கீழே ஊற்றிவிட்டுக் கையால் தடவிப் பார்ப்பது. திரவம் நிற்கிற உயரம்வரை சூட்டை அது இழுத்துக்கொள்ளும், அந்த இடம் குளுகுளுன்னு இருக்கும். அதற்கு மேலே இரும்பு சூடாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாலும் தெரியும். மேல்பாகம் சீக்கிரம் காயும், திரவம் இருக்கிற பாகம் மெதுவாகக் காயும்.

ஆனால் இதெல்லாம் உத்தேசம்தான். ஆர்.வி. என்று வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிற அமெரிக்கர்களும் இதே பிரச்சினையோடுதான் திரிகிறார்கள். அவர்கள் வண்டியில் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளிருக்குக் கணப்பு எல்லாமே புரொபேனில் ஓடும். அவர்களும் சுடுதண்ணி ஊற்றிப் பார்க்கிறார்கள். சரியாகத் தெரிய வேண்டும் என்றால் தராசுதான். அங்கே 20 பவுண்டு பிடிக்கிற சிலிண்டரின் வளையத்தில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் காலி எடை பொறித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சப் புரொபேன். பனி கொட்டுகிற ராத்திரியில் அவர்களைக் காப்பாற்றுவதும் நம்ம சாக்குக் கழிவுக் கணக்குதான்.

எங்க வீட்டில் இப்போ 14.2 கிலோவை 45 நாளால் வகுத்து வைத்திருக்கிறேன். நாளுக்குச் சுமார் 315 கிராம். அமாவாசை அன்னைக்கு எடை போடுவோம். காலி எடை போக 3 கிலோ நின்றால் ஒன்பது நாள் தாங்கும், உடனே பதிவு பண்ணிடுவோம். சிலிண்டர் கொண்டுவருகிறவர் தராசு வைத்திருக்க வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. நீங்களும் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால் பட்டையில் இருக்கிற எண்ணைப் படிச்சுடுங்க. நான் முதலில் சத்தம் போட்டுவிட்டு அப்புறம் படித்தவன்.

ஆமாம், அந்த எட்டு நாள் கேஸ் எங்கே போனது? அம்மாவே ஒருநாள் சொன்னாங்க. "மழையில வெறகு நனைஞ்சு கெடந்துச்சு. பத்து நாளா எல்லாத்துக்கும் குளிக்கத் தண்ணி கேஸ்லதான்டா காய வெச்சேன்."

அடுத்த மாசம் அந்தப் பையன் வந்தபோது டீ கொடுத்து, "அன்னைக்குச் சத்தம் போட்டது தப்புதான் தம்பி" என்றேன். சிரிச்சுட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்பல்லாம் சிலிண்டரை இறக்குவதற்கு முன்னாலேயே தெருவிலிருந்து குரல் கொடுக்கிறான்: "அண்ணா, சாக்கு எடை 15.3!"