இலஞ்சி வங்கி

குற்றாலத்தையும் தென்காசியையும் அடுத்துள்ள இலஞ்சியை அருவிக்குச் செல்வோர் அனைவரும் அறிவர். இலஞ்சி என்னும் சொல்லுக்குப் பொய்கை என்பது பொருள். ஊரின் வளத்திற்குப் பொருந்திய பெயர். அப்பெயரைத் தாங்கி 1904ஆம் ஆண்டிலேயே ஒரு வங்கி தோன்றியது என்பதை இன்று அறிந்தோர் மிகச் சிலரே.

அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்நாட்டில் பிறந்ததும் அதே 1904இல்தான். சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து பலருடைய சேமிப்பை விழுங்கியது 1906இல். இந்தியன் வங்கி எழுந்தது 1907இல். தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது 1921இல். இவ்விரு வங்கிகளுக்கும் மூத்தது இலஞ்சி வங்கி.

சிறு வங்கிகளின் வலிமை அறிமுகம், குறையும் அதுவே. கடன் கேட்பவரின் குடும்பத்தையும் நிலத்தையும் ஊரார் அறிவர். ஆயினும் ஒரே வட்டாரத்தை நம்பிக் கடன் கொடுத்தால், மழை பொய்க்கும் ஆண்டில் கடன் பெற்றோர் அனைவரும் ஒருசேரத் தளர்வர்.

1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. நாடே கலங்கியது. நலிந்த வங்கிகளைப் பிற வங்கிகளுடன் இணைக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் அவ்வாண்டே வந்தது. வைப்புத்தொகைக் காப்பீடு 1962இல் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு 1,500 ரூபாய் வரையே. 1951இல் ஐந்நூறுக்கும் மேலிருந்த வங்கிகள் அறுபதுகளின் இறுதியில் நூறுக்கும் கீழாயின. அவ்வலையில்தான் இலஞ்சி வங்கியும் செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியும் பாங்க் ஆப் மதுராவில் சேர்ந்தன.

பாங்க் ஆப் மதுராவை 1943இல் தோற்றுவித்தவர் கருமுத்து தியாகராசர். ஆலைகளும் கல்லூரிகளும் கண்ட அப்பெருமகனார் 'தமிழ்நாடு' நாளிதழையும் நடத்தியவர் என்பதால், தமிழாசிரியனாகிய எனக்கு அவர்மீது தனி மதிப்புண்டு. அவ்வங்கியும் 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் இணைந்தது. மதுரா வங்கியின் ஒரு பங்குக்கு அவ்வங்கியின் இரு பங்குகள் எனக் கணக்கிட்டனர். 1904இல் பிறந்ததை 1943இல் பிறந்தது ஏற்றது. அதனை 1994இல் பிறந்தது ஏற்றது. வங்கி உலகில் மூப்புக்கு மதிப்பில்லை போலும்!

இங்கிலாந்திலும் இதே கதைதான். வீடு கட்ட மக்கள் கூடிப் பணம் சேர்த்த சங்கங்களுள் ஒன்றான அபே நேஷனல் 1989இல் வங்கியாயிற்று. 2004இல் ஸ்பெயின் நாட்டுச் சான்டாண்டர் வங்கியின் வசமாயிற்று. 2010இல் பெயரும் மறைந்தது.

இணைப்புகளைப் பழிப்பது என் நோக்கமன்று. வங்கி முறிந்தால் முதலில் அழுவது ஏழையின் வீடு; இணைந்தால் அவன் கணக்கு புதிய பேரேட்டில் தொடர்கிறது. என் ஆதங்கம் பழைய பேரேட்டைப் பற்றியது. எந்த ஆண்டில் எவர் எதற்குக் கடன் பெற்றார் என்னும் ஊர் வரலாறு அதிலன்றோ இருந்திருக்கும்?

நெல்லைச் சீமையோடு கொடுக்கல் வாங்கல் இருந்த குடும்பங்கள் நம்மிலும் உண்டு. வீட்டுப் பரணில் 'இலஞ்சி' என அச்சிட்ட பாஸ்புக்கோ பங்குப் பத்திரமோ கிடைத்தால், பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த விழாவிற்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். நானும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.