குசினியை வெளியே கொண்டுபோன பானைகள்



மெல்பேர்ணில் கோடை பிறந்துவிட்டால் வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் பாட்டுக் கேட்பதற்கு முன் வெக்கையைப் பற்றித்தான் கதைப்பார்கள். 'வீட்டுக்குள்ளே இருக்க ஏலாது' என்பவரிடம் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டால், சோறு, மூன்று கறி, ஒரு பொரியல் என்று பதில் வரும். ஆகவே இந்த மாத உரைக்கு இரண்டு மின்பானைகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஊரை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகள் பலவற்றில் குசினி தனிக் கொட்டிலாகவே இருந்தது. புகையும் வெக்கையும் வீட்டுக்குள் வராது. தீப்பிடித்தாலும் வீடு தப்பும். இங்கே அடுப்பு வீட்டின் நடுவில், ஹோலோடு ஒட்டியபடி இருக்கிறது. குளிர்நாட்டுப் பழக்கத்தில் வந்த அமைப்பு இது. குளிர்காலத்தில் அந்தச் சூடு வரவு, தை மாதத்து மெல்பேர்ணில் அதுவே செலவு.

இதே செலவை அமெரிக்காவில் ஒருவர் 1930களிலேயே யோசித்தார். சிக்காகோவில் வாழ்ந்த பொறியியலாளர் ஏர்விங் நாக்ஸன், லித்துவேனியாவிலிருந்து வந்த யூதப் பெண்ணின் மகன். வில்னா நகரில் சிறுமியாக இருந்தபோது நடந்ததை அந்தத் தாய் மகனுக்குச் சொல்லியிருந்தார். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரவர் வீட்டுப் பானையில் அவரை விதை, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் போட்டு, பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அணைத்துவிட்ட போறணையின் மிச்சச் சூட்டில் அது இரவு முழுக்க வேகும். 'சோலண்ட்' என்பது அந்த உணவின் பெயர். நாக்ஸன் அந்தப் போறணையை ஒரு பானைக்குள் அடக்கினார். உட்பாத்திரத்தைச் சுற்றி மின்கம்பி, குறைந்த சூடு, நீண்ட நேரம். 1936 மே மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940 ஜனவரியில் அது கிடைத்தது. கோடையில் அடுப்பை எரித்து வீட்டைச் சூடாக்காமல் சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்பதும் அவருடைய நோக்கமாக இருந்ததாக அவருடைய குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயின் ஊர்க்கதை காப்புரிமைப் பத்திரமானது எனக்கு மிகவும் பிடித்த விசயம்.

சந்தையில் மட்டும் அது நெடுங்காலம் தூங்கியது. 1970இல் ரைவல் என்ற நிறுவனம் நாக்ஸனின் தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு 'குறொக்பொட்' என்ற பெயரில் அந்தப் பானையை வெளியிட்டது. பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார். பானை பிய்த்துக்கொண்டு விற்றது.

மற்றப் பானை, எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற ரைஸ் குக்கர். யப்பானில் அன்று சோறு என்றால் விடியமுன் எழும்பி விறகடுப்பு மூட்ட வேண்டும். சலவை இயந்திரம் விற்கப் போன தோஷிபா நிறுவனத்து யமாடா ஷோகோ, வீட்டுப் பெண்களிடம் எந்த வேலை அதிகக் கஷ்டம் என்று விசாரித்தார். துணி துவைப்பதை விடச் சோறு சமைப்பதுதான் என்றார்கள். அந்தப் பொறுப்பு டோக்கியோவில் சிறு பட்டறை வைத்திருந்த மினாமி யோஷிதடாவிடம் போனது. சோதனைகளைச் செய்தவர் அவருடைய மனைவி பூமிகோ. குளிரிலும் வெயிலிலும், நாளுக்கு நாள், பானை பானையாகச் சோறு ஆக்கிச் சூட்டின் அளவைக் குறித்து வைத்தார். கொதித்த பின் ஏறக்குறைய 20 நிமிடம் அந்தச் சூட்டில் நின்றால் சோறு பதமாகும் என்று தெரிந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி எளிது. இரண்டு பானை, வெளிப்பானையில் ஒரு குவளை தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்ற 20 நிமிடம் எடுக்கும். வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டும், உடனே உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 1955 டிசம்பரில் முதல் தொகுதியாக 700 பானைகள் விற்பனைக்கு வந்தன. நாலைந்து ஆண்டுகளுக்குள் யப்பானிய வீடுகளில் பாதியளவில் ரைஸ் குக்கர் இருந்தது. பெட்டியில் பூமிகோவின் பெயர் இல்லை.

கஞ்சி வடிக்காத சோறா என்று எங்கள் அம்மாமார் முகம் சுளித்தார்கள்தான். ஆனாலும் ஓர் அறையில் நாலு பேராக இருந்த காலத்தில் எங்களில் பலர் முதலில் வாங்கிய மின்சாதனம் அதுவே.

இனிக் கணக்கு. எரிவாயு அடுப்பில் சூட்டின் பாதிக்கு மேல் பாத்திரத்தில் ஏறாமல் அறைக்குள் போகிறது. 700 வாற்று ரைஸ் குக்கர் அரை மணிநேரத்தில் அரை யுனிற்றும் எடுக்காது. மெதுவாக வேகும் பானை அப்படியல்ல. 200 வாற்று என்றாலும் 8 மணிநேரம் ஓடினால் 1.6 யுனிற், அத்தனையும் கடைசியில் வீட்டுக்குள் சூடாகத்தான் சேரும். இதை விற்பவர்கள் சொல்வதில்லை. இந்தப் பானைகளின் உண்மையான இலாபம், அவற்றைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது. கராஜிலோ, மழை படாத பின்விறாந்தையிலோ சுவர்ப் பிளக் இருந்தால் அங்கே வைத்துவிடுங்கள். அந்த வெக்கை வீட்டைத் தொடாது. எங்கள் பாட்டிமார் குசினியைத் தனியே கட்டியது போலத்தான்.

2009 ஜனவரி 28, 29, 30 ஆகிய மூன்று நாளும் மெல்பேர்ணில் வெப்பம் 43 பாகையைத் தாண்டியது. அந்த வாரத்தில் விக்ரோறியா மாநிலத்தில் வழமையை விட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று மாநில சுகாதாரத் திணைக்களம் கணக்கிட்டது. பெரும்பாலானவர்கள் 75 வயதைத் தாண்டியவர்கள். எங்கள் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்காக அடுப்படியில் நிற்பவர்களின் வயதும் அதுதான். 30ஆம் திகதி மாலை இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரமும் நின்றுபோனது. அப்படியான நாளில் எந்த மின்பானையும் உதவாது. பாணும் சம்பலும் போதும்.

ஒரு குறிப்பு. சிவப்பு ராஜ்மா விதையை மெதுவாக வேகும் பானையில் நேரே போடாதீர்கள். அந்தக் குறைந்த சூட்டில் அதன் நஞ்சு முறியாது. ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகு பானைக்கு மாற்றுங்கள். அதை வெயில் ஏறமுன், விடியவே செய்துவிடலாம்.