நீக்கப்பட்ட அத்தியாயமும் நினைவில் நின்ற முடிவும்: ‘பெர்செர்க்’ வாசகர்களின் ஊழ் விவாதம்

1996ஆம் ஆண்டு ஜப்பானின் ‘யங் அனிமல்’ இதழில் வெளிவந்த ஓர் அத்தியாயம், மறு ஆண்டு தொகுதியாக நூலாக்கம் பெற்றபோது அதில் இடம்பெறவில்லை. கென்டாரோ மியூரா எழுதி வரைந்த ‘பெர்செர்க்’ என்னும் மங்கா தொடரின் 83ஆம் அத்தியாயம் அது. தணிக்கையாளர் எவரும் அதை நீக்கவில்லை. ஆசிரியரே வேண்டி நீக்கினார். அச்சான பின் ஆசிரியர் திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரு பகுதி, கதையின் மெய்யான பகுதியாகுமா? ஏட்டுச்சுவடிப் பதிப்பியல் பயின்றோருக்குப் பழகிய இவ்வினாவை உலகெங்கும் உள்ள மங்கா வாசகர்கள் கால்நூற்றாண்டாக விவாதித்து வருகின்றனர். அவர்கள் அவ்வாறு விவாதிப்பதற்குக் காரணம், அந்த அத்தியாயம் பேசிய பொருள் ஊழ் என்பதுதான்.

கதையை அறியாதோர்க்குச் சுருக்கமாக: கட்ஸ் என்பவன் கூலிப்படை வீரன். அவனது படைத்தலைவன் கிரிஃபித், தனக்கென ஓர் அரசு வேண்டும் என்ற ஒரே கனவோடு வாழ்பவன். கிரிஃபித் சிறைப்பட்டு, ஓராண்டு சித்திரவதையில் நாவும் தசைநாண்களும் அறுபட்டுச் செயலிழக்கிறான். தோழர்கள் அவனை மீட்கின்றனர். நம்பிக்கை முற்றும் அற்ற வேளையில் ‘பெஹெலிட்’ எனும் மாயக்கல் அவன் கைக்குத் திரும்புகிறது, ‘கிரகணம்’ நிகழ்கிறது. இறைவனின் கரம் எனப்படும் நால்வர் தோன்றி, தோழர்களைப் பலியிட்டால் ஐந்தாமவனாக மறுபிறப்பு எய்தலாம் என்கின்றனர். அவன் இசைகிறான்.

இந்நிகழ்ச்சி விதிக்கப்பட்டதா, தேர்ந்துகொள்ளப்பட்டதா என்பதே வாசகர்களின் மூலவினா. விதி என்போர் கல்லைச் சுட்டுகின்றனர்: சிறைக்கூடத்துக் கழிவுநீரில் வீழ்ந்து மறைந்த கல், உரிய கணத்தில் உரியவன் கையில் வந்து சேர்வது தற்செயலாகாது. தேர்வு என்போர் அந்நால்வரின் சொற்களைச் சுட்டுகின்றனர்: அனைத்தும் முன்பே முடிவானதெனில், அவனுடைய இசைவைக் கேட்டு நிற்க வேண்டிய தேவை என்ன? இரு தரப்பும் ஒரே பக்கங்களிலிருந்தே சான்று காட்டுவது கவனிக்கத்தக்கது.

கதையின் கட்டமைப்பும் இவ்விவாதத்திற்கு இடமளிக்கிறது. 1989இல் தொடங்கிய தொடரின் முதற்பகுதி, ஒற்றைக் கண்ணும் இரும்புக் கையுமாகப் பழிவாங்கத் திரியும் கட்ஸைக் காட்டுகிறது. மூன்றாம் தொகுதியில் தொடங்கிப் பதினான்காம் தொகுதி வரை நீளும் பின்னோக்குப் பகுதிதான் அந்நிலைக்கான காரணத்தைச் சொல்கிறது. விளைவு முதலிலும் காரணம் பின்னரும் வருவதால், கட்ஸும் தோழர்களும் சிரித்துப் பேசும் ஒவ்வொரு காட்சியையும் வாசகர் அதன் முடிவை அறிந்தே படிக்கிறார். கதைமாந்தர்க்குத் திறந்திருக்கும் எதிர்காலம் வாசகர்க்கு மூடியிருக்கிறது. ஊழ் பற்றிய கொள்கை எதுவும் கூறப்படுமுன்பே, ஊழின் உணர்வு வாசிப்பில் படிந்துவிடுகிறது.

சொல்லாட்சி தனியே நோக்கத்தக்கது. தொடர் முழுவதும் மியூரா கையாளும் ‘இங்காரிட்ஸு’ என்னும் சொல், தத்துவ நூல்களில் காரணகாரிய விதியைக் குறிக்கும் கலைச்சொல். அதன் முற்பகுதியான ‘இங்கா’ பௌத்தத்தின் வழி வந்தது. ஏதுவும் பயனும் என்பது அதன் நேர்ப்பொருள். அன்றாட வழக்கில் வினைப்பயன் என்னும் சாயலும் அதற்கு உண்டு. தலைவிதியைச் சுட்ட ‘உன்மே’ என்ற வேறு சொல்லும் ஜப்பானியத்தில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு முதற்சொல்லைக் காரணகாரியம் என்றே பெயர்த்தபோது பௌத்தச் சாயல் உதிர்ந்தது. ஆங்கில வழி படித்தோர் அவ்விரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகக் கொண்டு வாதிட்டனர். ஊழ், விதி, வினைப்பயன் ஆகியவற்றை வேறுபடுத்தி அறியும் தமிழ் வாசகருக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். மணிமேகலையின் இறுதிக் காதை விரிக்கும் பன்னிரு சார்புகளில் எழுதிவைப்பவன் ஒருவன் இல்லை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது, ஒன்று அறுந்தால் அடுத்ததும் அறும். ‘இங்கா’வை இவ்வாறு கொண்டால் கட்ஸ் அறுக்கவேண்டியது ஒரு சங்கிலி. தலையெழுத்து என்று கொண்டால் அதை எழுதிய கை ஒன்று இருந்தாக வேண்டும்.

நீக்கப்பட்ட 83ஆம் அத்தியாயம் அந்தக் கையைத்தான் காட்டிற்று. பாதாளத்தின் அடியில் கிரிஃபித், இதயம் போன்ற பேருருவம் ஒன்றைச் சந்திக்கிறான். மனிதர் தம் துயருக்கும் மரணத்திற்கும் காரணம் வேண்டி ஏங்கியதன் திரட்சியே தான் என்றும், அவன் பிறப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் குருதிவழிகளைத் தானே பிணைத்து வந்ததாகவும் அது கூறுகிறது. கதையுலகின் அமைப்பை அளவுக்கு மீறி வெளிப்படுத்திக் கதையின் எல்லையை ஒடுக்கிவிடும் என்பதே மியூரா அதை நீக்கக் கருதிய காரணம். அவர் கருதியது சரியே. எழுதியவன் முகம் தெரிந்துவிட்டால் ஊழ் அச்சுறுத்தும் ஆற்றலை இழந்து மற்றுமொரு பகைவனாகச் சுருங்கிவிடும். ஆயினும் அச்சானது அச்சானதே. இதழ்ப் பக்கங்களின் படிகள் கைமாறின; ஆர்வலர்கள் மொழிபெயர்த்தனர். ஆசிரியர் மறுத்தது கருத்தையா, அதை வெளியிட்ட காலத்தையா என்பதில் வாசகர் இன்றளவும் உடன்படவில்லை.

யார் எதைக் கண்டனர் என்பதும் கோட்பாடுகளைப் பிரித்தது. 1997இல் ஒளிபரப்பான 25 பகுதித் தொலைக்காட்சித் தொடர் கிரகணத்தோடு நின்றுவிட்டது. கட்ஸையும் காஸ்காவையும் பலிக்களத்திலிருந்து மீட்கும் மண்டையோட்டு வீரன் அதில் இல்லவே இல்லை. அதை மட்டும் பார்த்தோருக்கு ஊழ் பிழையின்றி நிறைவேறிற்று. மங்காவைப் படித்தோருக்கோ, வகுத்த திட்டத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. 2003 முதல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் ஆங்கிலத் தொகுதிகளை வெளியிட்ட பின்னரே இரு சாராரும் ஒரே பனுவலைக் கையில் வைத்து உரையாட முடிந்தது.

அம்மண்டையோட்டு வீரன் கட்ஸை அழைக்கும் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் அது போராளி என்னும் வீறு பெறுகிறது. ஜப்பானிய மூலத்தில் உள்ள ‘மோகாகு’ என்னும் வினை, நீரில் மூழ்குபவன் கைகால் அடித்துத் துடிப்பதையும் குறிக்கும். விதியை வெல்பவன் கட்ஸ் என்ற கோட்பாடு ஆங்கில வாசகரிடையே செல்வாக்குப் பெற்றதில் இச்சொல்லுக்கும் பங்கு இருக்கலாம். தத்தளிப்பவன் என்று பெயர்த்திருந்தால் அதே அளவு நம்பிக்கை தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இதனினும் கூர்மையான சான்று, கிரிஃபித் பலிக்கு இசையும் கணம். ஜப்பானிய மூலத்தில் ‘ஸஸகெரு’, அதாவது படைத்தல், என்னும் வினையின் கடைசி இரு எழுத்துகளான ‘கெரு’ மட்டுமே குமிழில் உள்ளன; முன்னவை புள்ளிகளாய்க் கரைந்துவிட்டன. ஜப்பானியர் அதை நகையாகவும் எடுத்துக்கொண்டனர். நண்பனைக் கைவிடுவதைக் கேலியாகக் குறிக்க ‘கெரு’ என்றே சொல்லும் வழக்கு பரவிற்று. ஜப்பானிய வினைமுற்று இடமும் பாலும் எண்ணும் காட்டாது. தமிழில் எவ்வளவு குறுக்கினாலும் எஞ்சும் ‘ஏன்’ விகுதி தன்மை ஒருமையைக் காட்டிக்கொடுத்துவிடும். செய்பவன் தப்ப வழியில்லை. ஜப்பானியத்தில் எஞ்சுவது செயலின் வால் மட்டும். நாவிழந்தவனின் முணுமுணுப்பா, அவன் வழியாக வேறொன்று பேசியதா? தேர்வுக் கட்சியும் விதிக் கட்சியும் தத்தம் முடிவுக்கு வர அந்த வெற்றிடம் போதுமானதாயிற்று.

2021 மே 6ஆம் நாள் மியூரா 54ஆம் அகவையில் பெருந்தமனிக் கிழிவால் காலமானார். ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ இணைய விளையாட்டில் பெருவாள் ஏந்திய பாத்திரங்கள் வீதிகளின் இருமருங்கும் அணிவகுத்து நின்று அஞ்சலி செலுத்தின. அவர் விட்டுச்சென்ற 364ஆம் அத்தியாயம் அவ்வாண்டு செப்டம்பரில் வந்தது. முப்பதாண்டுக்கு மேல் ஊழை மீறும் ஒருவனைப் பின்தொடர்ந்தோர், முடிவற்ற கதையுடன் நின்றனர்.

2022 ஜூனில் மியூராவின் பள்ளிக்காலத் தோழரும் மங்கா கலைஞருமான கோஜி மோரி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கிரகணப் பகுதியை வரைய வேண்டிய தருணத்தில், மியூரா தம்மை அழைத்துக் கதையை இறுதிவரை சொல்லிவிட்டதாக அதில் தெரிவித்தார். மியூரா சொன்னவற்றை மட்டுமே எழுதுவதாகவும், தெளிவாக நினைவில் இல்லாதவற்றை எழுதப்போவதில்லை என்றும் உறுதியளித்தார். வாசகர் விவாதம் அன்றே இடம்பெயர்ந்தது. கட்ஸின் முடிவு எழுதப்பட்டுவிட்டதா என்று கதைக்குள் கேட்ட வினாவுக்குக் கதைக்கு வெளியே விடை வந்திருந்தது: ஆம், ஒருவர் நினைவில் அது முன்பே முடிந்திருந்தது. சிலர் இதனால் ஆறுதலடைந்தனர். வரைய வரைய மாறியிருக்கக்கூடிய கதையைப் பழைய உரையாடல் ஒன்று கட்டிவைப்பதாகச் சிலர் வருந்தினர். தம் அத்தியாயம் ஒன்றையே அச்சான பின் மறுத்த ஆசிரியர், சொன்ன முடிவை மாற்றியிருக்கமாட்டார் என எவ்வாறு துணிவது என்பது அவர்களின் வாதம். அதற்கு எளிய மறுமொழி இல்லை.

2023இல் வெளியான 42ஆம் தொகுதி மூலக்கதை மியூரா, ஓவியம் ஸ்டூடியோ காகா, மேற்பார்வை மோரி என்று பெயர்களைத் தாங்கி வந்தது. 83ஆம் அத்தியாயம் எந்தத் தொகுதியிலும் சேர்க்கப்படவில்லை.